முற்றத்துப் பள்ளி

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. நான்கு வயதுக் குழந்தையை முதன்முறையாகப் பள்ளியில் விட்டு வருகிறோம். அங்கே அது "தண்ணீர்" என்று கேட்கிறது. ஆசிரியைக்கு அச்சொல் விளங்குவதில்லை. குழந்தை மறுமுறை கேட்பதில்லை. வாய் மூடி அமர்ந்துவிடுகிறது. மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகத் தலைநகரில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். எனினும் என் மகள் பள்ளிக்குச் சென்ற முதல் நாள் மாலையில், என் தொழில் எனக்கு உதவவில்லை.

பள்ளிக்குச் செல்லக் குழந்தையை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்று நாம் கவலைப்படுகிறோம். குழந்தையை ஏற்க ஆசிரியரை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்று கவலைப்பட்டவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். தம் மகனின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கிய அவருக்கு, இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரியின் கருத்துகள் அறிமுகமாயின. வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பவநகரில் இருந்த தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920-ஆம் ஆண்டில் அங்கே பால மந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியைத் திறந்தார். அடியும் அச்சமும் அங்கே இடம் பெறவில்லை. கதை, பாட்டு, நாடகம் ஆகியவற்றின் வழியே குழந்தைகள் கற்றனர். 'மீசை வைத்த தாய்' என்று மக்கள் அவரை அன்புடன் அழைத்தனர்.

1923-இல் தாராபாய் மோடக் அவருடன் சேர்ந்தார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அப்பெண்மணி, குஜராத்திக் குழந்தைகளிடையே பணியாற்றினார். வேற்றுமொழி ஊரில் வாழ்வது எத்தகையது என்பதை அவரும் அறிந்தவரே. நல்ல பள்ளி ஒன்று போதாது, அத்தகைய பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்கள் வேண்டும் என்று இருவரும் உணர்ந்தனர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததோடு, 1926-இல் நூதன பால சிட்சண சங்கம் என்னும் அமைப்பையும் நிறுவினர்.

கிஜுபாய் 1939 ஜூன் திங்களில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையாரே சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் அளவில் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, அவருடைய மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். சில மாதங்களே தங்க வந்தவர், உலகப் போர் காரணமாக 1946 வரை இந்நாட்டில் தங்க நேர்ந்தது. அக்காலத்தில் கோடைக்கானலிலும் வாழ்ந்தார்.

அந்த வகுப்பை எண்ணும்போதெல்லாம் ஒரு மொழிபெயர்ப்பாளனுக்குரிய ஐயம் எனக்கு எழுவதுண்டு. இத்தாலிய மொழி ஆங்கிலமாயிற்று. ஆனால் பயிற்சி பெற்றவர் தம் ஊருக்குத் திரும்பியபின், அங்குள்ள குழந்தைக்கு ஏற்ப அதனை மீண்டும் பெயர்க்க வேண்டுமே! விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடத்தில், பள்ளியையே கண்டிராத குழந்தையிடம் அதனை எவ்வாறு பெயர்ப்பது?

விடை பம்பாய்க்கு வடக்கே, தகாணு வட்டத்துக் கடற்கரைக் கிராமமான போர்டியில் கிடைத்தது. தாராபாய் 1945-இல் அங்கே கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்ற இளம் ஆசிரியை அவருக்குத் துணையானார். பதின்மூன்று வயதில் மணம் முடித்து, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பின்னர் கல்வியால் தலைநிமிர்ந்தவர் அவர். பள்ளி திறந்தது, ஆனால் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து குழந்தைகள் வரவில்லை. பெற்றோரைக் குறை கூறாமல், ஆசிரியைகள் அக்குடியிருப்புக்கே சென்றனர். வீட்டு முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டினர். குளிப்பாட்டுவதும் தலைவாருவதும் பாடத்தின் பகுதிகளாயின. விதைகள், கிளிஞ்சல்கள், கூழாங்கற்கள், இலைகள் ஆகியவை எண்ணவும் வகைப்படுத்தவும் உதவும் கருவிகளாயின.

மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். 'வாடி' என்றால் தோட்டம். அங்கன்வாடி என்ற பெயர் இவ்வாறு பிறந்தது. நம்மவர் வழங்கும் 'பால்வாடி' என்பதில் உள்ள பால், நாம் அருந்தும் பால் அன்று. குழந்தை என்று பொருள்படும் சொல்லே அது.

பின்னர் இருவரும் அருகிலுள்ள கோஸ்பாடு மலைக்குச் சென்று, வார்லி பழங்குடியினரிடையே பணியாற்றினர். அம்மக்களின் பேச்சு ஏட்டு மராத்தியினின்றும் வேறுபட்டது. மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைக் காக்க வேண்டியிருந்ததால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தன. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக ஆசிரியர் மேய்ச்சல் வெளிக்கே சென்றார். பயிற்சி பெற வந்தவர்கள் இவற்றையெல்லாம் செய்து கற்றனர். ஏன் வரவில்லை என்று குழந்தையின் வீட்டு வாயிலில் நின்று கேட்டு, விடைக்கேற்பப் பள்ளியை மாற்றுவதே அங்கே முதற்பாடம்.

தாராபாய் 1973-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது; அவர் வழங்கிய பெயரே அதன் நிலையங்களுக்கு அமைந்தது. இன்று நாட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. பெயர் எங்கும் பரவிவிட்டது. முற்றத்திற்குச் சென்ற மனப்பான்மையும் அவ்வாறே பரவிற்றா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. ஒரே வகுப்பில் ஆறு தாய்மொழிகள் அமர்ந்திருக்கும் நகரங்களில், அச்சட்டத்துக்கு உயிரூட்ட வேண்டியவர் ஆசிரியரே.

பெற்றோரும் அதில் துணை நிற்கலாம். என் மகளின் இரண்டாம் நாளன்று தண்ணீர், பசி, வலி, அம்மா, போதும் என்பன போன்ற பத்துத் தமிழ்ச் சொற்களை நாகரி எழுத்தில் எழுதி, அவற்றின் பொருளையும் குறித்து, ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் அத்தாளை மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொண்டார். அன்று மாலை மகள் சொன்ன முதல் செய்தி: "அப்பா, டீச்சருக்குத் தண்ணீர் தெரியும்."