சபானும் மம்மலே மரிக்காரும்: 1864 மார்ச் 21

இலங்கைப் பொலிஸார் ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் திகதியைப் பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூருகின்றனர். கடமையில் உயிர்நீத்தோர் வரிசையில் முதலாவது பெயர் கொன்ஸ்டபிள் துவான் சபான். 1864ஆம் ஆண்டு அந்நாளில், ஒரு திங்கட்கிழமை, மாவனல்லையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவராகச் சொல்லப்படுபவர் மம்மலே மரிக்கார். இறந்தவர் மலாய் முஸ்லிம். சுட்டவர் சோனக முஸ்லிம். ஹிஜ்ரிக் கணக்கில் அது 1280 ஷவ்வால். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

இந்தச் சம்பவம்பற்றி மாவனல்லைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். சரதியேலின் கதையை உற்சாகமாகச் சொல்வார்கள். மரிக்காரின் பேச்சு வந்ததும் குரல் தணிந்துவிடும். "அந்த மனுசன்ட கதய என்னத்துக்கு மகன் இப்ப கிளர்ரீங்க? நம்மட ஆக்களுக்குத்தானே கெட்ட பேர்" என்றார் ஒருவர். சபானைப்பற்றிக் கேட்டால், "அவர் மலாய்க்காரர் இல்லயா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருவரை வெட்கம் மறைக்கிறது. மற்றவரை அந்நியம் மறைக்கிறது. இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாதையைப் பார்ப்போம். கொழும்பு – கண்டி வீதி ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் வெட்டப்பட்டது. அடுத்த தசாப்தங்களில் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டு வண்டிகளில் இவ்வழியாகவே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. மேலே ஏறியவை அரிசி, உப்பு, கருவாடு, புடைவை. வண்டிப் பாதை இல்லாத இடங்களுக்குத் தவளம் என்னும் பொதிமாட்டு வரிசைகள் சென்றன. கண்டிப் பிரதேசச் சோனகர் பலருக்கு அதுவே பிழைப்பு. இத்தனை பொருளும் பணமும் போய்வந்த வீதியைக் காக்கத் தீவு முழுவதற்குமான பொலிஸ் அமைப்பொன்று அன்று இல்லை. ஊருக்குள் விதானை, ஆராச்சிமார். பட்டினங்களில் சிறு பொலிஸ் அணிகள். கலவரம் என்றால் இராணுவம். இடையில் கிடந்த காடும் கணவாயும் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

அந்த இடைவெளியில் எழுந்தவர்தான் உத்துவன்கந்தைச் சரதியேல். 1832இல் பிறந்தவர். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பது மக்கள் நினைவு. வழிப்பறியும் கொலையும் செய்தார் என்பது அரசின் பதிவு. இரண்டில் எது எவ்வளவு உண்மை என்று வழக்காடுவது இக்கட்டுரையின் வேலையல்ல. புதுக்கடைச் சிறையிலிருந்து தப்பிய ஒருவரை ஆண்டுக்கணக்கில் பிடிக்க முடியாதிருந்தது என்பதே அன்றைய காவல் ஏற்பாட்டின் நிலைமையைக் காட்டப் போதும். அவருடைய நெருங்கிய கூட்டாளிதான் மம்மலே மரிக்கார். சிங்களவரான சரதியேலுக்கும் சோனகரான மரிக்காருக்கும் இடையிலான கூட்டு, அயல்வாழ் மக்களிடையே இயல்பாக உண்டாகும் கூட்டு. நல்லதுக்கு மட்டுமே அயலவர்கள் சேருவார்கள் என்று யார் சொன்னது?

இனி சபான். மலாயர் இத்தீவுக்கு வந்தது ஒல்லாந்தர் காலத்தில், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து. சிலர் நாடுகடத்தப்பட்டவர்களாக, பலர் சிப்பாய்களாக. ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டு படையணி அமைத்தனர். அதுவே பின்னர் இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் ஆயிற்று. இப்படையினரின் வாழ்வை பி. ஏ. ஹுசைன்மியா 'ஒராங் ரெஜிமென்' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நிலமோ வயலோ இல்லாத ஒரு சிறு சமூகத்துக்குச் சீருடையே சீதனம். தகப்பன் சிப்பாய் என்றால் மகனும் சிப்பாய். இல்லையென்றால் பொலிஸ், இல்லையென்றால் சிறைக் காவலர். ஊர் மக்களோடு இரத்த உறவில்லாத ஆட்கள் காவலுக்கு உகந்தவர்கள் என்ற கணக்கு வெள்ளை அதிகாரிகளுக்கும் வசதியாக இருந்தது. ஆகவே சபான் கொன்ஸ்டபிளானது தற்செயலல்ல.

அன்று நடந்தது இதுதான். காட்டிக்கொடுப்பு ஒன்றின் பேரில் சார்ஜன்ட் மஹத், சபான் முதலியோர் மாவனல்லையில் சரதியேல் தங்கிய வீட்டை நெருங்கினர். துப்பாக்கிச் சண்டையில் சபான் விழுந்தார். சரதியேலும் காயப்பட்டார். பின்னர் கேகாலை உதவி அரசாங்க அதிபர் சாண்டர்ஸ் படையினருடன் வந்து வீட்டைச் சுற்றிவளைத்த பிறகே இருவரும் பிடிபட்டனர். கண்டியில் விசாரணை, மரண தண்டனை. மே 7ஆம் திகதி, சனிக்கிழமை, சரதியேலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். சபான் இறந்ததற்கும் இவர்கள் தூக்கில் தொங்கியதற்கும் இடையே 47 நாட்கள்.

அடுத்து வந்தவை வேகமாக வந்தன. 1865இல் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். 1866 செப்டெம்பர் 3இல் ஜோர்ஜ் வில்லியம் ரொபர்ட் கெம்பல் பொலிஸ் தலைவராகப் பதவியேற்றார். அவரே முதலாவது பொலிஸ் மா அதிபர். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியதும் வண்டிப் பாதையின் காலம் மங்கத் தொடங்கியது. ஒரு கொள்ளையனால் ஒரு சட்டம் பிறந்தது என்பது மிகை. ஆயினும் இந்நாட்டின் பொலிஸ் இன்றும் இயங்குவது, திருத்தங்களுடன், அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். சபான் இறந்தது அச்சட்டத்துக்கு ஓராண்டு முன்பு. அமைப்பு பிறக்குமுன்பே அதன் முதலாவது தியாகி பிறந்துவிட்டார்.

1873இல் ரைபிள் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. கொம்பனித்தெரு, கண்டி, பதுளை, அம்பாந்தோட்டை என்று படை தங்கிய ஊர்களில் வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் ஒரே உத்தரவில் பிழைப்பை இழந்தன. பொலிஸும் சிறைச்சாலையும் தீயணைப்புப் படையும் அவர்களுக்கு அடைக்கலமாயின. இதை 'மலாயரின் மகத்தான பங்களிப்பு' என்று எழுதுவது எளிது. சட்டிக்கு அரிசி தேடிய கதை என்றும் எழுதலாம். இரண்டாவதே எனக்கு உண்மைக்குக் கிட்டத் தெரிகிறது. அதனால் சபானின் மதிப்பு குறையாது. சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு மனிதர், ஓடிவிடக்கூடிய நேரத்தில் ஓடாமல் நின்றார் என்பது சிறிய விஷயமல்ல.

இதை எழுதும்போது சபானை 'அவர்' என்றும் மரிக்காரை 'அவன்' என்றும் எழுதக் கை தானாகப் போகிறது. வேண்டுமென்றே இருவரையும் 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். இது கொலைக்கு வக்காலத்து அல்ல. மரிக்கார் தீர்ப்பைப் பெற்று, அதன் விலையையும் கொடுத்துவிட்டார். எனது கவலை வேறு. நம்மீது சந்தேகம் கிளம்பும் ஒவ்வொரு காலத்திலும் நாம் விசுவாசத்தின் பட்டியலை எடுத்து நீட்டுகிறோம். அந்தப் பட்டியலில் சபானை ஏற்றிவிட்டு மரிக்காரை ஒளித்தால், மற்றவர்கள் மரிக்காரை மட்டும் எடுத்து நீட்டும்போது நமக்குப் பதில் இருக்காது. எந்தச் சமூகத்திலும் காவல்காரரும் உண்டு, களவாளியும் உண்டு. சரதியேலின் குற்றத்துக்காகச் சிங்களச் சமூகத்தை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. அவர் பெயரில் இன்று சுற்றுலாக் கிராமமே இருக்கிறது. அதே நியாயம் நமக்கும் உரியது. அதைக் கேட்பதற்கு முன், நமது வரலாற்றை நாமே முழுதாக எழுதி வைத்திருக்க வேண்டும்.