கிட்டப்பாவின் குரல் எதில் இருக்கிறது?

அனலாக்கா டிஜிட்டலா? ஆபீஸ் கேன்டீன்ல இந்தப் பேச்சை எடுத்தா சாப்பாட்டு நேரம் பத்தாது. ஒரு கோஷ்டி "எல்பி தட்டுல வர்ற இதம் சிடியில வராது"ம்பாங்க. இன்னொரு கோஷ்டி நைக்விஸ்ட் தேற்றத்தை எடுத்து விடும். நானும் இன்ஜினியரிங்ல அதைப் படிச்சுப் பாஸ் பண்ணினவன்தான் :-) ஆனா நம்ம ஊர்ப் பாட்டுகளோட வரலாற்றைப் பார்த்தா, கேள்வியே வேற மாதிரி தெரியுது. நம்ம கொங்கு நாட்டுல இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன்.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைத் தெரியாதவங்க இருக்க முடியாது. ஔவையார் (1953), திருவிளையாடல் (1965)னு படங்கள்ல இன்னிக்கும் அவங்களைப் பார்க்கலாம், கேட்கலாம். அவங்க கணவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. மைக் இல்லாத காலத்து நாடக மேடையில கொடி கட்டிப் பறந்த பாடகர். 1933 டிசம்பரில் இறந்தபோது முப்பது வயசு கூட ஆகலை. தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் வந்ததே 1931-ல்தான். கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கலை. ஆக, அவர் குரல் நமக்கு மிச்சம் இருக்குன்னா அதுக்கு ஒரே காரணம், அரக்கில் செய்த 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகள்.

இந்தத் தட்டுகளோட கதை 1902-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் பதிவு செஞ்சார். அச்சடிக்கறதுக்கு ஜெர்மனியில் இருக்கற ஹானோவருக்குப் போகணும்! 1908-லதான் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. 1930-களில் நம்ம பக்கம் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பங்குதாரரா இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. தட்டோட ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம். ராகம் விரிவா பாடறவங்க கூட அதுக்குள்ள சுருக்கிப் பாடியாகணும். 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டு கூட இந்தியாவில் 78 தட்டா வந்திருக்குன்னா பாருங்க, எவ்வளவு காலம் நம்ம ஊர்ல அது தாக்குப் பிடிச்சிருக்குன்னு.

சரி, மேட்டருக்கு வருவோம். துடியலூர்ல எங்க அப்புச்சி வீட்டை இடிச்சுக் கட்டினப்போ பரண்ல இருந்து ஒரு மரப்பெட்டி நிறைய தட்டுகள் இறங்குச்சு. கிட்டப்பாவோடதும் அதுல இருந்துச்சு. மாமா கேட்டாரு: "ஏங்கண்ணு, இதெல்லாம் யூடியூப்லயே கெடக்குதாமா. இத்தனை கனத்தை எங்க கொண்டு போயி வெக்கறது? பழைய சாமான்காரனுக்குப் போட்டரலாமா?"

மாமா கேட்டது நியாயமான கேள்விதான். வீட்டுல பாட்டுக் கேட்க மட்டும்னா டிஜிட்டல்தான் வசதி, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய கிராமபோன்ல இரும்பு ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாத்தணும். அப்படியும் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பள்ளம் கொஞ்சம் தேயும். அதாவது கேட்கக் கேட்க குரல் அழியும். சிடியோ நொடிக்கு 44,100 தடவை, 16 பிட்ல அளவெடுக்குது. காதுக்கு எட்டற 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் அதுல அடங்கும். அரக்குத் தட்டுல இருக்கற இசை அந்த எல்லைக்குள்ள தாராளமா உட்கார்ந்துக்கும். 'படிக்கட்டு மாதிரி ஒலி'ங்கறதெல்லாம் கட்டுக்கதை. திரும்ப வெளிய வர்ற அலை வழவழன்னுதான் வரும்.

ஆனா "யூடியூப்ல இருக்கு"ங்கறது எதோட நகல்? இங்கதான் சிக்கல். 1963-ல பிலிப்ஸ் கொண்டு வந்த கேசட், 1980-கள்ல நம்ம தெருவுக்கெல்லாம் வந்துச்சு. ரெக்கார்டிங் கடையில பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து 60, 90 நிமிஷ கேசட்ல பதிஞ்சு வாங்கினோம். பாட்டு எல்லார் வீட்டுக்கும் போனது கேசட்டோட புண்ணியம். ஆனா கேசட்ல இருந்து கேசட்டுக்கு எடுக்க எடுக்க இரைச்சல் ஏறிட்டே போகும். 1982-ல வந்த சிடியில நகல் எடுத்தா ஒண்ணும் குறையாது. அடுத்து எம்பி3. சிடியோட நொடிக்கு 1,411 கிலோபிட்டை 128 ஆக்கினா, பதினொண்ணுல ஒரு பங்குதான் மிச்சம். பழைய பாட்டு பல, இந்த எல்லா வழியிலும் அடிபட்டுத்தான் நெட்டுக்கு வந்து சேருது.

இன்னொண்ணு, வேகம். தட்டு 78-க்குப் பதிலா 82, 83 சுற்று ஓடினா குரல் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிடும். உச்சஸ்தாயிக்குப் பேர் போன கிட்டப்பா நிஜமாவே எத்தனை கட்டையில பாடினாருன்னு தெரியணும்னா, அசல் தட்டை வச்சுத்தான் ஆராயணும். கரகரப்பை நீக்கறேன்னு மென்பொருளில் வடிகட்டினா குரலோட மேல் ஒலிகளும் சேர்ந்து போயிடும். போனது போனதுதான், அன்டூ கிடையாது.

சேமிக்கறவங்க சும்மா இல்லை. மும்பை இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் சங்கத்தின் சுரேஷ் சந்த்வான்கர் முயற்சியில், பிரிட்டிஷ் நூலகத்தோட திட்டம் ஒண்ணுல ஓடியன் தட்டுகள் டிஜிட்டல் ஆச்சு. ஆனா 2023 அக்டோபர்ல அதே நூலகத்து மேல சைபர் தாக்குதல் நடந்து, அதன் இணைய சேவைகள் மாசக் கணக்குல முடங்கிப் போச்சு. அதே சமயம் அரக்குத் தட்டு கீழ விழுந்தா அப்பளம் மாதிரி நொறுங்கும். ரெண்டும் சாசுவதம் இல்லை.

அதனால என் கணக்கு இதுதான்: கேட்கறதுக்கு டிஜிட்டல், சாட்சிக்கு அனலாக். மாமாகிட்ட இதைச் சொல்லி, பெட்டியை என் ரூமுக்கே கொண்டு வந்துட்டேன். "எடம் அடைச்சா நீதான் படுக்க எடந்தேடோணும்"னு மட்டும் சொன்னாரு.

உங்க வீட்டுப் பரண்லயும் தட்டு இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க. படுக்க வச்சு அடுக்காம நிக்க வச்சு அடுக்குங்க. எல்பி ஊசியை அதுல வைக்காதீங்க, 78 பள்ளம் அதைவிட ரொம்ப அகலம், அதுக்குன்னு தனி ஊசி இருக்கு. ஒரு தடவை நல்லா சுருக்காத வேவ் ஃபைலா, வடிகட்டாம எடுத்து ரெண்டு மூணு இடத்துல வையுங்க. அதுக்கப்புறம் போன்ல எம்பி3-யா கேட்டுக்கிட்டே பஸ்ல போங்க, யாரு வேண்டாங்கறா!