சுமேரிய அரசுரிமையும் மூன்று பட்டப்பெயர்களும்

அரசு என்னும் அமைப்பு எங்ஙனம் தோன்றிற்று என ஆராய்வார்க்குச் சுமேரிய நாடு தரும் சான்றுகள் பழமையானும் மிகுதியானும் சிறந்தவை. ஆயின், அவற்றுள் எதனை முதற்கண் வைத்துத் தொடங்குவது என்பதிலேயே இடர்ப்பாடு எழுகின்றது. வரலாற்று நூல்கள் பலவும் சுமேரிய மன்னர் பட்டியலினின்றே தொடங்குகின்றன. அப்பட்டியலின் நிறைவான படி, ஆக்ஸ்போர்டு நகரத்து அஷ்மோலியன் காட்சிச்சாலையில் உள்ள நாற்புறக் களிமண் பட்டகத்தில், கி.மு. 1800 அளவில் ஆப்பெழுத்திற் பொறிக்கப்பெற்றுள்ளது. அரசுரிமை விண்ணினின்று எரிது நகரில் இறங்கியதாகவும், பெருவெள்ளத்திற்கு முன் ஐந்து நகரங்களில் எண்மர் 2,41,200 ஆண்டுகள் ஆண்டதாகவும் அது கூறும். முதல்வனான அலுலிமுக்கு மட்டும் 28,800 ஆண்டுகள்! இவ்வெண்களை நம்பாத ஆசிரியரும், அரசுரிமை ஒன்றே, அஃது ஒரு காலத்தில் ஒரு நகர்க்கே உரியது என்னும் பட்டியலின் அடிப்படையை ஐயுறாது மேற்கொள்கின்றனர். இஃது ஏற்புடைத்தன்று.

ஸ்டைன்கெல்லர் 2003-இல் வெளியிட்ட பட்டியற்படி, மூன்றாம் ஊர் மரபினனான ஷுல்கி காலத்தது. மேற்கூறிய பட்டகத்தினும் முற்பட்டது. அதில் வெள்ளத்திற்கு முற்பட்ட மன்னர் எவரும் இலர். கிஷ் நகரினின்றே அது தொடங்குகின்றது. எரிதுவும் வெள்ளமும் பின்னர்ச் சேர்க்கப்பெற்ற முன்னுரை எனக் கொள்ளுதலே பொருந்தும். மேலும், தன் வரலாற்றைக் கல்லிலும் களிமண்ணிலும் பிற நகரங்களினும் மிகுதியாக விட்டுச்சென்ற லகாஷ் நகரம் இப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. லகாஷை விடுத்த பட்டியல் நடந்ததைக் கூறவந்த பட்டியல் ஆகாது. பிற்கால மன்னர் தம் ஒருகுடை ஆட்சிக்குப் பழமை தேடிக்கொண்ட ஆவணமே ஆகும்.

எனவே, மன்னர் தம்மைத் தாமே குறித்துக்கொண்ட பட்டப்பெயர்களை நோக்குதல் வேண்டும். அவை என், என்சி, லுகல் என மூன்று. ‘என்’ முதலிலும், ‘என்சி’ அடுத்தும், ‘லுகல்’ இறுதியிலும் எழுந்தன என்றும், குருவாட்சி படிப்படியே மன்னராட்சியாக மாறிற்று என்றும் கூறுவாருளர். மூன்றும் மூன்று படிநிலைகள் அல்ல, மூன்று வேறு உரிமைகள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

‘என்’ என்பது ஊருக் நகரத்திற்குச் சிறப்பாக உரியது. கோயிற் பொறுப்பும் ஆட்சித் தலைமையும் பிரியாது நின்ற பதவி எனலாம். பிற்காலத்தில் அது குருத்துவப் பதவியாகவே நின்றது. சர்கோனின் மகள் என்ஹெதுவன்னா ஊர் நகரத்து நன்னா கோயிலில் வகித்தது இப்பதவியே. ஊருக் நகரத்தின் மிகப் பழைய ஏடுகளுள் பதவிப்பெயர்களை வரிசைப்படுத்தும் ஏடு ஒன்றுண்டு. அது ‘லுகல்’ என்பதனோடு தொடங்காமை கருதத்தக்கது.

‘லுகல்’ என்னும் சொல் ‘லு’ (ஆள்), ‘கல்’ (பெரிய) என்பவற்றின் கூட்டு. தமிழில் ‘பெருமகன்’ என்பது போன்ற அமைப்பு. இவ்வொப்புமை கண்டு இருமொழிக்கும் இனத்தொடர்பு பேசுவார் கூற்று ஈண்டுக் கொள்ளத்தக்கதன்று. இஃது ஆக்கமுறையில் அமைந்த ஒப்புமையே. நமக்குப் பயன்படுவது வேறொன்று. வீட்டிற்கும் வயலுக்கும் அடிமைக்கும் உடையவன் எவனோ அவனும் சுமேரிய மொழியில் ‘லுகல்’ எனவே பெயர்பெற்றான். நம் கல்வெட்டுகளில் ‘உடையார்’ என்னும் சொல் இறைவனையும் அரசனையும் குறித்து வருதலை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

இனி லகாஷ் சான்றினை விரித்து நோக்குவோம். கிர்சு நகரம் இருந்த தெல்லோ மேட்டில் 1877-இல் டி சர்செக் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அகழ்வினால் இந்நகர அரசின் வரலாறு வெளிப்பட்டது. உர்-நன்ஷே தன்னை லுகல் என்றான். இன்று லூவர் காட்சிச்சாலையில் உள்ள அவன் சிற்பமோ, தலையில் கூடை சுமந்து கோயிற்பணி செய்வானாகவே அவனைக் காட்டுகின்றது. அவன் பெயரன் எயன்னாதும், கி.மு. 2450 அளவில் உம்மா நகரை வென்றவன், என்சி என்னும் பெயரையே கொண்டான். வென்றவன் சிறிய பட்டத்தை ஏற்றது ஏன்? நகரின் உடையவன் நின்கிர்சு தெய்வம். நகரத்தார் அத்தெய்வத்தையே தம் ‘லுகல்’ என அழைத்தனர். என்சி அவ்வுடைமையைப் பேணும் காரியத்தன். உம்மாவோடு நடந்த போரும் நின்கிர்சுவின் வயல் எல்லை பற்றியதே. ‘கழுகுக் கல்’ எனப்படும் அவன் வெற்றிக்கல்லின் ஒருபுறத்தில் தெய்வம் பகைவரை வலையிற் பிடித்து நிற்கின்றது. மறுபுறத்தில் எயன்னாதும் படைமுன் செல்கின்றான். அதே எயன்னாதும், இனன்னா தனக்கு லகாஷின் என்சிப் பதவியோடு கிஷ் நகரத்து லுகல் தன்மையையும் அளித்ததாகக் கூறுகின்றான். ஒருவனே உள்ளூரில் காரியத்தன், வெளியில் தலைவன். படிநிலைக் கொள்கை இவ்விடத்திலேயே முறிந்துவிடுகின்றது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆண்ட உருஇனிம்கினா, முதலில் என்சியாக இருந்து, பின்னர் லுகல் என்னும் பெயரை மேற்கொண்டான். முன்னை என்சிகள் தெய்வத்தின் நிலத்தையும் எருதுகளையும் தமவாக்கினர் எனக் குறைகூறி, அவற்றை மீட்டுத் தெய்வத்திற்கே அளித்ததாக அவன் கல்வெட்டுகள் பறைசாற்றுகின்றன. சீர்திருத்தம் எனப் பலர் இதனைப் போற்றுவர். ஆயினும், கிர்சு நகரத்துக் கணக்கேடுகள் வேறு கதை சொல்கின்றன. முன்பு ‘பெண்டிர் மனை’ எனப்பட்டது ‘பௌ தெய்வத்தின் மனை’ எனப் பெயர் மாறியது. நடத்தியவளோ அவன் மனைவி ஷாஷாவே. பெயரளவில் உடைமை தெய்வத்தினது, கையிருப்பு அரசியினது. நாடு முழுதும் கோயிலுடைமை என டைமெல் 1931-இல் வகுத்த கொள்கையைத் தியாகொனோவ் 1959-இல் மறுத்தமைக்கு இவ்வேடுகளின் மறுஆய்வும் துணைநின்றது.

மூத்தோர் அவையும் இளையோர் கூட்டமும் தொடக்கத்தில் போர்த்தலைவனைத் தேர்ந்தன என யாக்கோப்சன் 1943-இல் எழுதினார். கில்காமேஷும் அக்காவும் பகைத்த கதையே அவருக்குத் துணை. அக்கதையோ பல நூற்றாண்டு பிற்பட்ட படிகளிற் கிடைப்பது. அதனைக்கொண்டு மிகுதியாக நாட்ட இயலாது. ஆயினும், அக்கருத்தை முற்றும் தள்ளுதற்கு ஒரு தடை உண்டு. அக்காத் மன்னன் நராம்-சின் (கி.மு. 2254–2218) உயிரோடிருக்கும்போதே தன் பெயர்முன் தெய்வக்குறியை இடுவித்தவன். தெய்வத்தன்மை எங்ஙனம் வந்தது என்பதனைப் பஸெத்கி செப்புச் சிலையின் எழுத்து விளக்குகின்றது. பேரிடர்க் காலத்தில் நகரை அவன் காத்தமையால், நகர மக்களே பெருந்தெய்வங்களை வேண்டி, அவனைத் தம் நகரின் தெய்வமாக்கிக் கோயில் எடுத்தனராம்.