ஜாஸ் தாளமும் தடை போட்ட மேளமும்

கொஞ்ச நாளா ஜாஸ் கேட்டுப் பழகிக்கிட்டு இருக்கேன் மக்களே. மெட்டு, கற்பனை எல்லாம் அப்புறம்; முதல்ல தாளம் பிடிபடணும். கத்துக்கிட்ட ரெண்டு பாடத்தைச் சொல்லிட்டு வரலாற்றுக்கு வர்றேன்.

பாடம் ஒண்ணு: பெரும்பாலான பழைய ஜாஸ் நாலு எண்ணிக்கைதான். நமக்குக் கை தானா ஒண்ணுலயும் மூணுலயும் விழும். இங்கே ரெண்டுலயும் நாலுலயும் தட்டிப் பாருங்க. பாட்டு எழுந்து நடக்க ஆரம்பிக்கும்.

பாடம் ரெண்டு: ஸ்விங். ஒரு எண்ணிக்கைக்குள்ள ரெண்டு சுரம் வந்தா சரிபாதியா வராது. முதல் சுரம் நீளம், அடுத்தது குட்டை. நம்ம பாஷையில சொன்னா, 'தகிட தகிட'ன்னு சொல்லி நடுவுல இருக்கற 'கி'யை மட்டும் முழுங்கிடுங்க. த-ட, த-ட. ஏறக்குறைய அதான் ஸ்விங். வேகம் கூடக் கூட இது சரிபாதி பக்கமா நகரும்.

சரி, இந்தத் தாளம் எங்கேருந்து வந்துச்சு?

1739 செப்டம்பர். தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரை. ஆப்பிரிக்க அடிமைகள் ஆயுதம் எடுத்து, மேளம் அடிச்சுக்கிட்டு, ஸ்பெயின்காரர்கள் வசம் இருந்த ஃபுளோரிடாவை நோக்கி நடந்தாங்க. மேளச் சத்தம் கேட்டு வழியில மத்தவங்களும் சேர்ந்தாங்க. கிளர்ச்சியை நசுக்கிட்டாங்க. ஆனா முதலாளிகளுக்கு ஒரு விஷயம் புரிஞ்சு போச்சு: மேளம் ஆள் கூட்டும். 1740ல் வந்த சட்டம், அடிமைகள் மேளமோ கொம்போ வெச்சுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு.

மேளத்தைப் பிடுங்கலாம், உடம்பைப் பிடுங்க முடியுமா? கைதட்டல், தரையில காலடி, தொடையிலும் நெஞ்சிலும் தட்டற 'ஜூபா'ன்னு தாளம் உடம்புக்குள்ள குடியேறிடுச்சு.

நியூ ஆர்லியன்ஸ் கதை வேற. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் ஆண்ட ஊர், 1803ல்தான் அமெரிக்கா கைக்கு வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை அடிமைகள் கூடி ஆடற வழக்கம் இருந்துச்சு. 1817ல் நகராட்சி, கூடறதை ஒரே இடத்துக்குள்ள அடக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அந்த இடம்தான் காங்கோ சதுக்கம். 1819ல் அதைப் பார்த்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப், ஐந்நூறு அறுநூறு பேர் கூடியிருந்ததையும், அவங்க வாசிச்ச மேளங்களையும் நாட்குறிப்புல எழுதி, படமும் வரைஞ்சு வெச்சிருக்கார். உள்நாட்டுப் போருக்கு முன்னாடியே அந்தக் கூட்டங்கள் மங்கிடுச்சு. ஆனா அந்த ஊர்த் தெருவுல தாளம் தங்கிடுச்சு. பித்தளை வாத்திய ஊர்வலங்கள்ல, சவ ஊர்வலம் முடிஞ்சு திரும்பற ஆட்டத்துல.

ஊர்வலத்துல பெரிய மேளத்துக்கு ஒரு ஆள், சின்ன மேளத்துக்கு ஒரு ஆள். காலால மிதிக்கற பெடல் வந்ததும் (லட்விக்கோட நல்ல பெடல் 1909ல் வந்தது) ஒரே ஆள் உட்கார்ந்தபடி ரெண்டையும் வாசிக்க முடிஞ்சது. இன்னைக்கு நாம பாக்கற டிரம் செட்டோட பிறப்பு இதுதான்.

1917ல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. வாசிச்சவங்க நியூ ஆர்லியன்ஸ்காரங்கதான், ஆனா அத்தனை பேரும் வெள்ளைக்காரங்க. கறுப்பர்கள் கட்டி வளர்த்த இசை, அவங்க கை இல்லாமலேயே ஊரெல்லாம் பரவுச்சு. இது எனக்கு இன்னும் உறுத்துது.

1923ல் கிங் ஆலிவர் குழு இண்டியானாவில் பதிவு பண்ணப் போச்சு. ரெண்டாவது கார்னெட் லூயி ஆம்ஸ்ட்ராங், டிரம்ஸ் பேபி டாட்ஸ். பெரிய மேளத்தை அடிச்சா, மெழுகுல கோடு போடற ஊசி துள்ளிடும். அதனால டாட்ஸ் முக்கியமா மரக்கட்டைகளை வெச்சே சமாளிச்சார். 1740ல் சட்டம் அடக்கின மேளத்தை, 1923ல் மெஷின் அடக்குச்சு. ஆனா அந்தப் பதிவைக் கேளுங்க, டக் டக்னு மரக்கட்டை போதும், குழு முழுக்க ஆடுது.

அதனால ஜாஸ் கேக்கறப்ப டிரம்ஸை மட்டும் தேடாதீங்க. பியானோ, பாஞ்சோ, ஊதற மூச்சு எல்லாத்துலயும் தாளம் ஒளிஞ்சிருக்கு. மேளம் இல்லாமலும் தாளம் வெச்சுக்கக் கத்துக்கிட்டவங்க பேரப்பிள்ளைங்க வாசிச்ச இசை அது.

பி.கு: ரெண்டு, நாலுல கை தட்டறதை வீட்டுக்குள்ளயே பழகுங்க. பஸ்ஸுல தட்டினா பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கிறார் :-)