பேரிகை வட்டாரத்து வீடுகளில் ஓதமும் மூச்சு நலமும்

தமிழகத்தில் வீட்டுக் காற்றைப் பற்றிய ஆய்வும் கொள்கையும் பெரும்பாலும் அடுப்புப் புகையோடு நின்றுவிடுகின்றன. மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும் 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாடுகளில் நடந்த 'ஹேப்பின்' ஆய்வு யோசிக்க வைக்கிறது. எரிவாயுவுக்கு மாறிய கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; அப்படியும் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை என்று 2024இல் முடிவு வெளியானது. அதற்கு ஓதம் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எரிபொருளை மாற்றியதோடு வீட்டுக் காற்றின் கணக்கு தீர்ந்துவிடாது என்பதற்கே அதைக் குறிப்பிடுகிறேன். பேரிகை போன்ற ஊரில் அடுத்து ஆராய வேண்டியது ஓதம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஓசூர் மேட்டுநிலத்தில், கர்நாடக எல்லையை ஒட்டியது பேரிகை. இரு பருவமழையும் உண்டு; மார்கழியில் பனிமூட்டமும் உண்டு. ஆலைகளுக்கும் ரோஜாப் பசுமைக்குடில்களுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்காக இவ்வட்டாரத்தில் எழுந்த லைன் வீடுகளில் ஒரே அறையில்தான் சமையலும் படுக்கையும். ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகப் புகையோடு ஆவியும் வெளியேறியது. புகை போனதும் இடுக்கும் வேண்டாம் என்று அடைத்துக் கட்டினோம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும், 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் இருபது லிட்டருக்கும் அதிகமான நீர் அறைக் காற்றில் கலந்திருக்கும். சோறு வடிக்கும் ஆவி, கொடியில் காயும் துணி, உறங்குவோர் மூச்சு எல்லாம் சேர்ந்து, குளிர்ந்த ஷீட்டின் அடியில் விடிகாலையில் முத்து முத்தாக நிற்கிறது. பீரோவுக்குப் பின்னால் கரும்பூசணம் படர்கிறது. அடிச்சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வது வேறு. அது தரையிலிருந்து ஏறும் ஈரம். முன்னதற்குக் காற்றோட்டம் வேண்டும். பின்னதற்கு அஸ்திவாரத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்கு வேண்டும். இரண்டுக்கும் பெயின்ட் அடித்து மறைப்பது பயனற்ற வேலை.

இவ்வட்டார விவசாயிக்கு ஈரத்தின் குணம் நன்றாகவே தெரியும். பட்டுப்புழு வளர்ப்பு மனையில் ஈரப்பதம் பார்க்கும் வெப்பமானி தொங்குகிறது. இளம்புழுவுக்கு 85 முதல் 90 விழுக்காடு. ஐந்தாம் பருவத்தில் 70 அளவுக்கு இறக்கியாக வேண்டும். மழை, பனிக் காலங்களில் ஈரம் மிஞ்சினால் சுண்ணாம்புக்கட்டு நோய் தாக்கும். படுக்கையில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவி, சன்னல்களைத் திறந்துவிடுவார்கள். அந்நோய் ஒரு பூசணத்தால் வருவது என்று இத்தாலியின் அகஸ்டினோ பாசி 1835இல் நிறுவினார். புழுவுக்கு இத்தனை அக்கறை காட்டும் மண்ணில், குழந்தை உறங்கும் அறையின் ஈரத்தைப் பார்க்க ஆளில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதி என்கின்றன. பூசணத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என எந்த எண்ணையும் அவை தரவில்லை. நிலைத்த ஓதத்தையே தடுக்கச் சொல்கின்றன. இது நமக்கு வசதி. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுவர்க் கறையும் பூசண வாடையும் கணக்கெடுப்புக்குப் போதும்.

சன்னலைத் திறக்காதது குடியிருப்பவர் குற்றம் என்பார்கள். திறந்தால் கொசு வருகிறது, சாலைத் தூசி வருகிறது. எதிர்ச்சுவரில் திறப்பு இல்லாத அறையில் காற்று குறுக்கே ஓடவும் ஓடாது. இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தபோதும் பழி முதலில் குடும்பத்தின் வாழ்க்கை முறைமீதே விழுந்தது. வீட்டுப் பூசணமே காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதன்பின் ஓதத்தைச் சரிசெய்ய வீட்டு நிர்வாகத்துக்குக் காலக்கெடு விதிக்கும் சட்டம் வந்தது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்குள் போகும் ஊழியரின் படிவத்தில் சுவர் ஓதம், பூசணம், குழந்தையின் இளைப்பு என்று மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். வாடகை வீட்டுக்கு அனுமதி தரும் ஊராட்சிகள், ஓதத் தடுப்பும் எதிரெதிர்த் திறப்பும் இருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.