டெல்லி முகட்டுக்காட்டின் வல்லூறு

வைரி என்றும் அழைக்கப்படும் வல்லூறு, ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தெற்கிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள, ஏறத்தாழப் புறா அளவேயான வேட்டைப் பறவையாகும். இலங்கைப் பறவையை அடிப்படையாகக் கொண்டு 1788ஆம் ஆண்டு யோகான் பிரீட்ரிக் கிமெலின் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். டெல்லியின் வானில் எங்கும் வட்டமிடுபவை கரும்பருந்துகள் என்பதால், நகருக்குள் நீளும் முட்காட்டில் இலைமறைவில் வாழும் இச்சிறு வேட்டையாடி பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எனினும் அக்காட்டின் இயல்புக்கு மிகப் பொருந்தி வாழும் வேட்டைப் பறவை இதுவே.

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகிய பாறை முகடு, தெற்கே அசோலா பட்டி சரணாலயம் முதல் வடக்கே டெல்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கமலா நேரு முகடு வரை துண்டு துண்டாகத் தொடர்கிறது. 1994இல் ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 7,777 ஹெக்டேர். கோடையின் கடும் வெப்பத்தையும் குறைந்த மழையையும் தாங்கும் குட்டையான முள்மரங்கள் மிகுந்த வெப்பமண்டல முட்காடு இது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் நடப்பட்ட சீமைக்கருவேலம் இன்று இதன் பெரும்பகுதியை மூடியிருந்தாலும், இடையிடையே உள்ள வெட்டவெளிகளும் வேம்பு போன்ற உயர்ந்த மரங்களும் வல்லூறுக்கு வேண்டிய வேட்டைக்களத்தையும் மறைவிடத்தையும் ஒருசேரத் தருகின்றன.

உடலமைப்பே இதன் வாழிடத்தை விளக்கிவிடும். திறந்த வெளியில் நெடுந்தொலைவு விரைந்து இரை பிடிக்கும் பைரிகளுக்கு நீண்டு கூரிய சிறகுகள் உண்டு. வல்லூறுக்கோ குறுகி அகன்று முனை மழுங்கிய சிறகுகளும் நீண்ட வாலும் அமைந்திருப்பதால், கிளைகளுக்கிடையே சட்டெனத் திரும்பிப் பறக்க முடிகிறது. முதிர்ந்த ஆணின் மேற்புறம் சாம்பல் நிறமாகவும் மார்பு மெல்லிய செம்பழுப்புப் பட்டைகளுடனும் காணப்படும். அதன் கண்கள் சிவந்திருக்க, ஆணைவிடப் பெரிதான பெண்ணின் கண்கள் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் கொண்டிருக்கும். இளம்பறவையின் மார்பில் பட்டைகளுக்குப் பதிலாகத் துளி வடிவப் பழுப்புக் கோடுகள் காணப்படுகின்றன.

இப்பறவை துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதையே பெரிதும் நம்பியிருக்கிறது. இலைச்செறிவில் அசையாமல் அமர்ந்து, ஓணான், அணில், எலி, சிறு பறவை, பெரிய பூச்சி ஆகியவற்றின் மீது தாழப் பறந்து பாய்கிறது. மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல்களையும் விடுவதில்லை. இதைக் கண்டதும் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிட்டு விரட்ட முற்படுவதுண்டு. இந்த அச்சத்தையே மற்றொரு பறவை பயன்படுத்திக்கொள்வதாகக் கருதப்படுவது வியப்புக்குரியது: தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் அக்காக்குயில், நிறத்திலும் வால்பட்டையிலும் பறக்கும் விதத்திலும் வல்லூறை அப்படியே ஒத்திருக்கிறது. கொன்றுண்ணும் பறவையின் சாயலை அடைகாக்காத பறவை ஏற்றிருக்கும் இவ்வுறவில், வேடம் அணிந்ததும் அஞ்சப்படுவதும் ஏமாறுவதும் ஆகிய மூன்று பறவைகளையும் டெல்லி முகட்டின் ஒரே புதர்க்காட்டில் காணலாம்.

வட இந்தியாவில் கோடையே இதன் இனப்பெருக்கக் காலம். அப்போது இணைகள் வெப்பக்காற்றில் உயர எழுந்து, ஒன்றன்மீது ஒன்று பாய்ந்து விளையாடுகின்றன. இரட்டை அசை கொண்ட கூர்மையான குரலும் அடிக்கடி கேட்கும். மரக்கவட்டில் குச்சிகளால் காக்கைக் கூடு போன்று கட்டி, உட்புறம் புல் பரப்பி, பொதுவாக 3 முதல் 5 முட்டைகள் இடுகிறது.

எளிதில் பழக்கக்கூடியது என்பதால் காடை, கௌதாரி வேட்டைக்கு வல்லூறுகளைப் பயிற்றும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் நெடுங்காலம் இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன்று இதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கிறது. தோட்டங்களிலும் சாலையோர மரங்களிலும்கூட வாழப் பழகிய இப்பறவை அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் கூடு கட்டக் கவட்டுடைய முதிர்ந்த மரங்கள் வேண்டும் என்பதால், வசந்த விகாரில் உள்ள ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்காவில் நடந்துவருவது போல, சீமைக்கருவேலத்தைப் படிப்படியாக அகற்றி மண்ணுக்குரிய மரங்களை மீட்டெடுக்கும் பணி வல்லூறுக்கும் அதன் இரையினங்களுக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியதாகும்.