பால்மரத்துக்குக் கீழே ஒரு வரலாறு

தோட்ட வரலாறு என்றாலே பால்மரம் வெட்டுவதைத்தான் எழுதுகிறோம். கொஞ்சம் குனிந்து தரையையும் பாருங்களேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்த் தோட்டத் துரைமார்களுக்குத் தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கணும்; ஒரு புல் தலைகாட்டக் கூடாது. தமிழ்த் தொழிலாளர்கள் ஓயாமல் களையெடுத்தார்கள். லாலான் புல் இளமரத்தை வளரவிடாது என்ற பயம் நியாயம்தான். ஆனால் இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மொட்டைச் சரிவில் அந்த மழை அடித்தால் மேல்மண் நிற்குமா? ஆற்றோடு போனது. (ஈயச் சுரங்க மண்ணும் ஆற்றை மேடாக்கியது. எல்லாப் பழியையும் ரப்பர்மீது போட்டு விடை எழுதாதீர்கள்!)

மாற்று வழி அவரைக் குடும்பக் கொடிகள்: பியுரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா. இவை மழையின் அடியைத் தாங்கும், லாலானை அமுக்கும். வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை உரமாக்கும். மரம் நிழல் கட்டியதும் கொடி தானே அடங்கிவிடும். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோ நிலையத்தில் இவற்றையும் ஆராய்ந்தது.

ஆனாலும் மருந்தடிப்பு நிற்கவில்லை. முதலில் சோடியம் ஆர்சனைட், பின்னர் பாராக்குவாட். அடித்தவர்களில் பலர் நம் பெண்கள். பாராக்குவாட்டுக்கு 2002இல் தடை வந்தது, 2006இல் தளர்ந்தது, 2020இல்தான் முழுத் தடை.

கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். உங்கள் பாட்டி அங்கே வேலை செய்தவரா? அடுத்த முறை பார்க்கும்போது கேளுங்கள்: "மருந்தடிச்சப்போ மூக்கை எதால மூடினீங்க, பாட்டி?"